பூவும் தலையும் ஒரே அடியில்!

சாரல் சீசனில் குற்றாலம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, பற்கள் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டே வந்து, சுடச்சுட ஒரு மிளகாய் பஜ்ஜி தின்றால்... ஆஹா! அந்தச் சுகமே தனிதான்.

பஜ்ஜிக் கடைக்காரர் மீதிச் சில்லறை தருவார் அல்லவா? அதில் ஒரே வருடம் போட்ட ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டு இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கடுகளவு வித்தியாசம் கூடத் தெரியாது. 2011ல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 22 மில்லி மீட்டர், எடை 3.79 கிராம். எத்தனை கோடி நாணயம் அடித்தாலும் இதே அளவு, இதே எடைதான். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ள அரசு நாணயச் சாலைகளில், பெரிய பெரிய இயந்திரங்கள் இவற்றை அடித்துத் தள்ளுகின்றன.

ஆனால், பல நூறு ஆண்டுகளுக்கு முன் நம் தென்பாண்டிச் சீமையில் புழங்கிய செப்புக் காசுகளில் இரண்டை எடுத்துப் பாருங்கள். ஒன்று வட்டமாக இருக்கும். இன்னொன்று கோழி முட்டை மாதிரி நீண்டிருக்கும். ஒன்றில் மீனுக்கு வால் இருக்காது. இன்னொன்றில் எழுத்தில் பாதியைக் காணோம்! ஓரம் வெடித்திருக்கும். ஒரு பக்கம் தடிப்பு. மறு பக்கம் மெலிவு.

இரண்டும் ஒரே ராஜா காலத்துக் காசுகள்தான். பிறகு ஏன் இப்படி?

காரணம் ரொம்ப எளிது. அவை இயந்திரத்தில் பிறந்தவை அல்ல. ஒரு மனிதர் உட்கார்ந்து, கையில் சுத்தியலை எடுத்து, 'ணங்' என்று ஓங்கி அடித்துச் செய்தவை!

காசு பிறந்த கதை

உங்கள் ஊரில் நகை செய்யும் பட்டறை இருந்தால், வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். உலை, ஊதுகுழல், குறடு, பட்டடைக்கல், சுத்தியல்... பழைய காலத்தில் காசு அடித்த இடமும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்.

முதலில் உலோகத்தை மூசையில் போட்டு உருக்குவார்கள். மூசை என்பது நெருப்பைத் தாங்கும் மண் கிண்ணம். உருகிய உலோகத்தைச் சின்னச் சின்ன அச்சுக் குழிகளில் ஊற்றி வில்லைகளாக எடுப்பது உண்டு. தகடாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டுவதும் உண்டு. எப்படிச் செய்தாலும் எடை முக்கியம். தராசில் வைத்து நிறுப்பார்கள். அதிகமாக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் நறுக்கி விடுவார்கள்.

அடுத்தது அச்சு. இரண்டு அச்சுகள் வேண்டும். ஒன்று அடி அச்சு. அதை ஆடாமல் அசையாமல் கனமான மரக்கட்டையிலோ, கல்லிலோ பதித்து வைப்பார்கள். இன்னொன்று மேல் அச்சு. அது ஒரு கட்டை விரல் உளி மாதிரி இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடி அச்சின் மேல் உலோக வில்லையை வைத்து, அதன் மேல் மேல் அச்சை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி! வில்லையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு படம்; மேல்பக்கத்தில் இன்னொரு படம். பூவா, தலையா என்று நாம் சுண்டிப் பார்க்கிறோமே... அந்தப் பூவும் தலையும் ஒரே அடியில் விழுந்து விடும்!

அடிப்பவர் கை ஒரு நூலளவு நகர்ந்தால் போதும். படம் ஓரமாய்ப் போய்விடும். அடி பலமாக விழாமல் இரண்டாம் முறை அடித்தால், ராஜாவுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்! இப்படிப் 'பிழை'யாகப் பிறந்த காசும் கடைத் தெருவில் செல்லும். எடையும் உலோகமும் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு வேடிக்கை. சுத்தியல் அடியை நேராகத் தாங்குவது மேல் அச்சுதானே? அதனால், அது சீக்கிரம் தேய்ந்து, விரிசல் விடும். அடி அச்சு அதைவிட நீண்ட நாள் உழைக்கும். அச்சில் விரிசல் விழுந்தால், அதன் பிறகு அடித்த காசுகளில் எல்லாம் அந்த விரிசல் ஒரு கோடாகத் தெரியும். இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கோட்டை வைத்தே, 'இது முதலில் அடித்த காசு... இது பிறகு அடித்த காசு...' என்று வரிசைப்படுத்தி விடுகின்றனர். துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது இல்லையா?

அச்சில் எழுத்தைச் செதுக்குவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். ரப்பர் ஸ்டாம்பைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் எழுத்துக்கள் இடம் வலமாக மாறியிருக்கும். காகிதத்தில் குத்தினால்தான் நேராக வரும். காசு அச்சும் அப்படியே. 'சுந்தர பாண்டியன்' என்று காசில் வர வேண்டுமானால், அச்சில் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். அதுவும் ஒரு கட்டை விரல் நகத்தின் அகலத்துக்குள்!

குற்றாலத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

குற்றால மலையில் இருந்து வரும் தண்ணீர், சிற்றாறாக ஓடித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு போகிறது. பிறகு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில்தான், பாண்டியர்களின் பழைய துறைமுகமான கொற்கை இருக்கிறது. இன்று கடல் பல கிலோ மீட்டர் விலகிப் போய்விட்டது; கொற்கை ஒரு சிற்றூராகி விட்டது.

அந்த ஊரில் உள்ள சிவன் கோவிலின் பெயர் என்ன தெரியுமா? அக்கசாலை ஈசுவரமுடையார் கோவில்! அக்கசாலை என்றால் பொன் வேலை செய்யும் இடம்; காசு அடிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். நெல்லைச் சீமையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல், இந்தப் பெயரைக் கண்டுதான், கொற்கையில் பாண்டியரின் நாணயச் சாலை இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். கட்டடம் போனாலும் பெயர் நிற்கிறது பாருங்கள். கும்பகோணத்தில் கம்பட்ட விசுவநாதர் கோவில் இருக்கிறது. கம்பட்டம் என்றாலும் காசு அடிக்கும் இடம்தான். சென்னையில் தங்கசாலைத் தெரு எப்படி வந்தது என்று இப்போது நீங்களே சொல்லி விடுவீர்கள்!

தமிழகத்தில் புழங்கிய மிகப் பழைய காசுகள் வெள்ளியில் செய்தவை. வெள்ளித் தகட்டைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, சூரியன், மரம், யானை போன்ற சின்னங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். இவற்றுக்கு 'முத்திரைக் காசுகள்' என்று பெயர். பாண்டியர்கள் வெளியிட்ட முத்திரைக் காசுகளின் பின்பக்கத்தில் மீன் சின்னம் இருக்கும். இவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில், ஒரு தலை உருவமும் 'மாக்கோதை' என்ற பெயரும் உள்ளன. அக்காலத்தில் மிளகு வாங்க வந்த ரோமானியர்கள் கொண்டு வந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்துதான், தலை உருவம் போடும் வழக்கம் இங்கே வந்தது என்கின்றனர் அறிஞர்கள். ரோமானியர் காசு கொஞ்சமாகவா வந்தது? கோவைக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளலூரில், 1842ல் ஒரே பானையில் ஐநூறுக்கும் மேற்பட்ட ரோம் நாட்டு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அடேயப்பா!

இரண்டு ராஜாக்கள்... ஒரே சுத்தியல்!

இனி, 1250ம் ஆண்டுக்குப் போவோம். கண்களை மூடிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒரு குளிர் நாடு. அங்கே ராஜா யார் தெரியுமா? எட்டே வயதான ஒரு பையன்! மூன்றாம் அலெக்சாண்டர் என்று பெயர். 1249ல் அப்பா இறந்ததும், ஏழு வயதில் கிரீடம் தலைக்கு வந்துவிட்டது. உங்களில் மூன்றாம் வகுப்பு படிப்பவர் வயது!

அந்தப் பையன் பெயரில் 1250ல் புது வெள்ளிக் காசு வந்தது. அதன் பெயர் பென்னி. ஒன்றரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவான எடை. நம் ஒரு ரூபாயில் பாதி கூட இல்லை. ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை, பக்கவாட்டில் பார்க்கும். அது அந்தப் பையனின் நிஜ முகம் அல்ல. 'ராஜா' என்று தெரிந்தால் போதும் என்று போட்ட பொது முகம். மறு பக்கம், ஓரம் வரை நீண்ட ஒரு பெரிய சிலுவை. அதைச் சுற்றி, காசு அடித்தவர் பெயரும் ஊர் பெயரும் இருக்கும். எடையிலோ, வெள்ளியிலோ மோசடி நடந்தால், 'யார் அடித்தது?' என்று உடனே கண்டுபிடித்து விடலாமே!

அதே காலத்தில் இங்கே? 1251ல் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்தார். காஞ்சிபுரத்தையும் தாண்டி நெல்லூர் வரை வென்றவர். சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தவர். பாண்டியரின் செப்புக் காசுகளில் மீன்கள் நீந்தும். சிலவற்றில் ஒரு மனிதர் நிற்பார். தமிழ் எழுத்துக்களும் இருக்கும். 'எல்லாந்தலையானான்' என்று சில காசுகளில் எழுதியிருக்கும். அதாவது, எல்லோருக்கும் தலைவன் ஆனவன். இவை அந்தச் சுந்தர பாண்டியன் காசுகள் என்பது அறிஞர்கள் கருத்து. அவருக்கு முன்பு 1216ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்துக் காசுகளில், 'சோணாடு கொண்டான்' என்று இருக்கும். சோழ நாட்டை வென்றவன் என்று பொருள்.

அந்தக் காலத்தில் செய்தித்தாள் ஏது, டிவி ஏது? மூலையில் இருக்கும் ஒரு கிராமத்துப் பாட்டிக்கு, 'நம் ராஜா சோழ நாட்டை ஜெயித்து விட்டார்' என்று எப்படித் தெரியும்? உப்பு வாங்கப் போன இடத்தில் கைக்கு வந்த காசு சொல்லும்! காசுதான் அன்றைய செய்தித்தாள்.

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். பனி கொட்டும் ஸ்காட்லாந்தில் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு வெள்ளிக் காசு அடிக்கிறார். அதே நேரம், பாண்டிய நாட்டில் ஒருவர் வியர்வை சொட்டச் செப்புக் காசு அடிக்கிறார். இவரை அவருக்குத் தெரியாது. அவரை இவருக்குத் தெரியாது. ஆனால், இருவர் கையிலும் அதே அடி அச்சு, மேல் அச்சு, சுத்தியல்!

அங்கே வெள்ளி, இங்கே செம்பு... ஏன் இந்த வேறுபாடு? 1136ல் ஸ்காட்லாந்து ராஜா முதலாம் டேவிட், கார்லைல் என்ற ஊரைப் பிடித்தார். அந்தப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. நாணயச் சாலையும் இருந்தது. ஸ்காட்லாந்து ராஜா பெயரில் காசு வரத் தொடங்கியது அப்போதுதான். நம் தமிழகத்திலோ, வெள்ளி பெரும்பாலும் வெளியில் இருந்து வந்தாக வேண்டும். அதனால், சோழர், பாண்டியர் காலத்தில் அன்றாடச் செலவுக்குச் செம்பும், பெரிய கணக்குக்குப் பொன்னுமே அதிகம் புழங்கின. வெள்ளிக் காசு குறைவு.

வெட்டினால் சில்லறை!

வெள்ளிக் காசில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு ரொட்டி வாங்க ஒரு பென்னி என்பது அதிகம். மீதிச் சில்லறைக்கு எங்கே போவது? அவர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். காசையே வெட்டி விட்டார்கள்! பின்பக்கம் சிலுவை இருக்கிறது அல்லவா? அந்தக் கோட்டின் மேல் வெட்டினால், சரி பாதி. இன்னொரு வெட்டு வெட்டினால், கால். தோசையை நாலாகப் பிய்ப்பது மாதிரி! 1280 வாக்கில்தான் அலெக்சாண்டர், அரைப் பென்னி, கால் பென்னி என்று தனித்தனி வட்டக் காசுகளை வெளியிட்டார். பாவம், அந்த ராஜா 1286ல் ஒரு நாள் இரவு, புயலில் குதிரையில் போகும்போது கீழே விழுந்து இறந்து போனார்.

வெள்ளி என்றால் திருட்டுக் கை சும்மா இருக்குமா? காசின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, வெள்ளித் தூளைச் சேர்த்து வைத்து உருக்கி விற்கும் கூட்டம் கிளம்பியது. காசுதான் சரியான வட்டமாகவே இல்லையே... சுரண்டினால் யாருக்குத் தெரியும்? அதைத் தடுக்கத்தான் சிலுவையை ஓரம் வரை நீட்டினார்கள். சிலுவையின் நுனி காணாமல் போயிருந்தால், 'இந்தக் காசைச் சுரண்டி இருக்கிறார்கள்' என்று தெரிந்து விடும்.

இன்றும் பல நாணயங்களின் ஓரத்தில் வரி வரியாகக் கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திர நாணயம் வந்தபோது, சுரண்டலைத் தடுக்கக் கண்டுபிடித்த வழி அது. ஸ்காட்லாந்தில் 1637 வாக்கில் பிரியோ என்ற பிரெஞ்சுக்காரர், எடின்பரோவில் இயந்திரத்தால் காசு அடிக்கத் தொடங்கினார். சுத்தியலுக்கு ஓய்வு கிடைத்தது. நம் நாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி 1835ல் தன் ஆட்சிப் பகுதி முழுவதுக்கும் ஒரே மாதிரி இயந்திர ரூபாயைக் கொண்டு வந்தது. அதன்பின், கையால் அடித்த காசுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத் தெருவை விட்டே போய்விட்டன.

நம் காசைத் தேடிய ஸ்காட்லாந்துக்காரர்

வழக்கொழிந்த காசு என்ன ஆகும்? பாத்திரம் செய்ய உருக்கி விடுவார்கள். அப்படி எத்தனை மூட்டைக் காசுகள் அண்டாவாகவும் குடமாகவும் மாறினவோ!

அந்த நேரத்தில், பழைய காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர், சர் வால்டர் எலியட். 1803ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக வேலைக்கு வந்து, 1860 வரை இங்கே இருந்தார். ஊர் ஊராகப் போகும்போது காசு, கல்வெட்டு, பறவை என்று எதையும் விடமாட்டார். (சென்னை எலியட்ஸ் கடற்கரை இவர் பெயரில் அமைந்தது அல்ல, அவர் வேறு எலியட்!)

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பிறகும் நம் காசுகளை அவர் மறக்கவில்லை. 1880களில், 'தென்னிந்திய நாணயங்கள்' என்ற புத்தகத்தை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கும் மேல். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அப்படியும் விடவில்லை! 1887, மார்ச் 1ம் தேதி காலையில், நம் ஜி.யு.போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தானே கையெழுத்துப் போட்டார். போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பைப் பற்றியும், தென்னிந்தியாவின் பழைய வழக்கங்கள் பற்றியும் அதில் கேட்டிருந்தார். அன்று மாலையே அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த வருடம், 1888ல், டென்மார்க் நாட்டுப் பாதிரியார் லோவந்தால் என்பவர், 'திருநெல்வேலிக் காசுகள்' என்றே ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 2019ல்தான் தனி மாவட்டம் ஆனது. எங்கிருந்தோ வந்தவர்கள் நம் ஊர்க் காசைக் குனிந்து எடுத்துப் பார்த்திருக்கின்றனர். நம் வீட்டுப் பரணில் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோமா?

ஒரே ஒரு காசு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சங்க கால நூல்களில், 'பெருவழுதி' என்று பாண்டிய மன்னர் பெயர் வரும். ஆனால், அந்தப் பெயருடன் ஒரு காசு கூட நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1980களில் நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி, சிறிய சதுரச் செப்புக் காசு ஒன்றில் குதிரை உருவத்தையும், அதன் மேலே பழைய தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரையும் படித்தார். பின்பக்கம் மீன் சின்னம்! புலவர்கள் பாடிய பெயருக்குக் காசே சாட்சி சொல்லிவிட்டது. அந்தச் சின்னச் சதுரம் மட்டும் ஒரு பாத்திரக் கடை உலைக்குப் போயிருந்தால்?

புளி போடாதீங்க!

சரி, பாட்டி வீட்டுப் பழைய பெட்டியில் உங்களுக்கு ஒரு செப்புக் காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றுமே தெரியவில்லை. உடனே என்ன செய்வீர்கள்? குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்ப்பீர்கள்... பளபள என்று ஆகிவிடும். ஆனால், எழுத்து? களிம்போடு சேர்ந்து அதுவும் போய்விடும்! எழுநூறு ஆண்டுகள் மண்ணுக்குள் தப்பிப் பிழைத்த மீன், ஐந்தே நிமிடத்தில் செத்துப் போகும்.

அதனால், புளி, எலுமிச்சம் பழம், பாத்திரப் பவுடர், உப்புத் தாள் எதுவும் கூடாது. வெள்ளிக் காசு கறுத்திருந்தாலும் அப்படியே விடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு காகித உறையில் போட்டு, 'எங்கே கிடைத்தது, எப்போது, யார் கொடுத்தது' என்று உறையின் மேல் எழுதுங்கள். காசு எந்த இடத்தில் கிடைத்தது என்பது காசு அளவுக்கே முக்கியம். ஊர் தெரியாத காசு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. பாதிக் கதைதான் சொல்லும்.

வயலிலோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பானையில் காசு கிடைத்தால், அது வேறு விஷயம். 1878ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்லி, வி.ஏ.ஓ.,விடமோ, தாசில்தார் அலுவலகத்திலோ சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், கண்டெடுத்தவரின் உரிமைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. தெரிவிக்காமல் மறைத்து வைத்தால்தான் குற்றம்.

கையால் அடித்த காசுகளை நேரில் பார்க்க ஆசையா? சென்னை போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே உள்ள நாணயச் சேகரிப்பு மிகப் பெரியது.

ராஜா போட்ட கும்பிடு

அடுத்த முறை தென்காசி போகும்போது, காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். ஆளையே தள்ளுகிற மாதிரி காற்று வீசும். இந்தக் கோவிலைக் கட்டத் தொடங்கியவர் பராக்கிரம பாண்டியன். 1446ல் கோவில் வேலை தொடங்கியது. 1457ல் கோபுர வேலை. 1463ல் அவர் இறந்து போக, தம்பி குலசேகரன் மீதியை முடித்தார்.

பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார். பொதுவாக, கல்வெட்டு என்றால் 'நான் அதை வென்றேன், இதைக் கொடுத்தேன்' என்று இருக்கும். இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? 'பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்குக் குறை வந்தால், அதைச் சரி செய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன்' என்கிறார். ஒரு நாட்டின் ராஜா, இன்னும் பிறக்கவே பிறக்காதவர்களுக்குப் போட்ட கும்பிடு அது!

பின்னாளில் கோபுரம் சிதைந்து, நீண்ட காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஊர் கூடி, ஒன்பது நிலைகளாகத் திரும்பக் கட்டி, 1990ல் கும்பாபிஷேகம் நடத்தினார்கள்.

கோபுரம் இடிந்தால் திரும்பக் கட்டலாம் குட்டீஸ். உருக்கிய காசைத் திரும்ப அடிக்க முடியாது. அதை அடித்த கை இல்லை. அந்த அச்சும் இல்லை. கையால் அடித்த காசு என்பதால், அதைப் போல இன்னொன்றும் உலகத்தில் இல்லை. எனவே, உங்கள் கைக்கு ஒரு பழைய காசு வந்தால், புளிச் சட்டியை எட்டத்தில் வையுங்கள். பராக்கிரம பாண்டியன் கும்பிட்டது ஒருவேளை உங்களையும் சேர்த்துத்தானோ, என்னவோ!

*

நீங்களே அடிக்கலாம் காசு!

தேவை: வெள்ளைச் சோப்புத் துண்டு இரண்டு, ஈரக் களிமண், சீவாத பென்சில், குண்டூசி, கொஞ்சம் மாவு.

* சோப்பின் தட்டையான பக்கத்தில், ஒன்றில் மீனையும் இன்னொன்றில் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் குண்டூசியால் கீறி, பென்சில் முனையால் பள்ளமாக்குங்கள். எழுத்தைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்! (முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினால் நேராகத் தெரிய வேண்டும்.)

* களிமண்ணை ஒரே அளவாகப் பத்து உருண்டை பிடியுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். உருண்டையை லேசாகத் தட்டி வில்லையாக்குங்கள்.

* சோப்பில் கொஞ்சம் மாவைத் தூவுங்கள். ஒரு சோப்பைத் தரையில் வைத்து, அதன் மேல் வில்லை, அதன் மேல் இன்னொரு சோப்பு. உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து! சுத்தியல் வேண்டாம், விரல் நசுங்கும்.

* பத்துக் காசும் அடித்த பிறகு, நிழலில் காய வையுங்கள். பிறகு நண்பனை அழைத்து, 'எது முதல் காசு, எது கடைசிக் காசு?' என்று கேளுங்கள். ஈரம் பட்டுச் சோப்பு தேயத் தேய, மீனின் செதில் மங்கிக்கொண்டே வந்திருக்கும். அதை வைத்து நண்பன் கண்டுபிடித்து விட்டால், அவன்தான் உங்கள் தெருவின் நாணயவியல் அறிஞன்!